ஏழு பேரையும் உயிரோடு இறக்குவது எப்படி: ‘பாம்பர் க்ரூ’ புதிதாக ஆடுபவர்களுக்கு

விடுமுறைக்குக் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வரும் கல்லூரிப் பிள்ளைகள் ஸ்டீம் என்ற இணையக் கடையின் தள்ளுபடியில் ‘பாம்பர் க்ரூ’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கிப் போடுகிறார்கள். பயிற்சி மிஷன் முடிகிறது, முதல் ஒன்றிரண்டு பறப்பும் நன்றாகவே போகிறது. அடுத்து ஒரு மிஷனில் நாலா பக்கமும் எதிரி விமானம் சூழ்ந்துகொள்ள, இன்ஜின் எரிய, துப்பாக்கியைப் பிடிக்கும் கன்னர் சும்மா உட்கார்ந்திருக்க, மொத்த விமானமும் கடலில் போய் விழுகிறது. ஏழு பேரும் போனார்கள். லேப்டாப்பை மூடியவர்கள் மறுபடி அந்த விளையாட்டைத் திறப்பதே இல்லை. அந்த இடத்தில் கைவிட்டவர்களுக்கும் இனிமேல் தொடங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அருமையான விளையாட்டு இது. ஆனால் தன் விதிகளைத் தானே எடுத்துச் சொல்லத் தெரியாத விளையாட்டு.

ரன்னர் டக் என்ற சிறிய பிரிட்டிஷ் குழு உருவாக்கி, 2017 அக்டோபரில் கம்ப்யூட்டருக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பெரிய கிராபிக்ஸ் கார்டு எதுவும் கேட்காது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை ஓட்டிய நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர்தான் உங்களுடையது. பைலட், இன்ஜினியர், நேவிகேட்டர், ரேடியோ ஆப்பரேட்டர், குண்டு போடுபவர், முதுகில் ஒரு கன்னர், வாலில் ஒரு கன்னர் என்று ஏழு பேர். நிஜ லங்காஸ்டரிலும் இதே ஏழு பேர்தான். ஆட்டத்தில் செத்தவர் செத்தவர்தான், திரும்ப வரமாட்டார். பறப்பின் நடுவில் சேமித்து வைக்கவும் வழி கிடையாது.

இந்த ஆட்டத்தில் வரும் எரிச்சல் இரண்டு வகை. ஒன்று லங்காஸ்டர் விமானத்துக்கே இருந்த கஷ்டம்: குளிர், ஆக்சிஜன், நீளமான இருட்டு உடம்பு, அவசரத்தில் வெளியேற முடியாத வாசல். இன்னொன்று விளையாட்டை வடிவமைத்தவர்கள் வைத்த கஷ்டம்: நீங்கள் கை காட்டாமல் எவரும் எதையும் செய்யமாட்டார்கள். முதல் வகையை ஏற்றுக்கொண்டு பழக வேண்டும். இரண்டாவது வகையைக் காசு கொடுத்தாவது ஒழிக்க வேண்டும். கீழே சொல்வது அத்தனையும் இந்த ஒரு கணக்கில்தான்: இந்த ஆட்டத்தில் உங்களிடம் குறைவாக இருப்பது தோட்டாவும் பெட்ரோலும் இல்லை, உங்கள் கவனம்தான்.

டேக் செய்வது: முதல் மணி நேரம் முழுக்க இதற்கே

கன்னர்கள் நீங்கள் டேக் செய்யாத விமானத்தைச் சுடமாட்டார்கள். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் விழுவது இதனால்தான். எதிரி பத்தடி தூரத்தில் வந்து சுட்டுக்கொண்டிருந்தாலும், நீங்கள் பார்வைக் கோணத்துக்குப் போய், அந்த விமானத்தின் மேல் குறியை வைத்து, வட்டம் நிரம்பும் வரை பிடித்திருக்க வேண்டும், டேக் என்பது இதுதான். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி திரும்பும்.

அடுத்த தெருப் பையன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். வால் கன்னர் அசையாமல் இருக்கிறார், பின்னால் மூன்று விமானம்.

“அண்ணே, இவன் சுடவே மாட்டேங்கிறான்ணே! தூங்குறானா?”

“நீ டேக் பண்ணியாடா?”

“ஒண்ண பண்ணேன்ல.”

“அந்த ஒண்ணு விழுந்துடுச்சு. மத்த ரெண்டையும் யாரு காட்டுவா?”

உண்மையான வால் கன்னருக்கு யாரும் கை காட்டவில்லை. எதிரியை முதலில் பார்த்து பைலட்டுக்குக் குரல் கொடுப்பதே அவருடைய வேலை. இரவில், கண்ணாடிக் கூண்டுக்குள், மணிக்கணக்காக இருட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். விளையாட்டு அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டது. இதை நான் வடிவமைப்புத் தவறு என்றே சொல்வேன். ஆட்டம் ஏழு பேரின் கதை என்கிறது, ஆனால் விமானம் முழுக்கக் கண் இருப்பது ஒருவருக்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? எச்சரிக்கை வந்ததும் உடனே எதிரியைத் தேடி ஓடாதீர்கள். முதலில் நேவிகேட்டர் காட்டும் அடுத்த வழிப்புள்ளியை டேக் செய்துவிடுங்கள். அதுவும் நீங்கள் டேக் செய்தால்தான் விமானம் அந்தப் பக்கம் திரும்பும். சண்டைக்கு நடுவில் வழி தவறி, திரும்பிப் பார்த்தால் எங்கோ போய்க்கொண்டிருக்கும் விமானங்கள் அநேகம். வழி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு பார்வையை ஒரே திசையில் ஒரு சுற்று சுற்றுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தாவினால் ஒன்று கட்டாயம் விட்டுப் போகும். எல்லாவற்றையும் டேக் செய்துவிட்டு உள்ளே திரும்புங்கள்.

நேரத்தை மெதுவாக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அளவோடுதான் கிடைக்கும், தீர்ந்தால் மறுபடி நிரம்பக் காத்திருக்க வேண்டும். புதியவர்கள் அதைச் சேதம் வந்த பிறகு பயன்படுத்துகிறார்கள். எதிரி கண்ணில் பட்ட அந்த முதல் நொடிகளில் செலவழிப்பதுதான் சரி. டேக் முடிந்துவிட்டால் மீதியைச் சாதாரண வேகத்திலேயே சமாளிக்கலாம்.

ரேடியோ ஆப்பரேட்டருக்கு லெவல் ஏற ஏற ஒரு திறன் கிடைக்கும். கொஞ்ச நேரத்துக்கு எதிரிகளை அவரே டேக் செய்துவிடுவார். அதைப் பெறும் வரை ஆட்டம் ஒரு மாதிரி, பெற்ற பிறகு வேறு மாதிரி. ஆகவே தொடக்கத்தில் அவரைத் தீயணைக்கவும் முதலுதவிக்கும் ஓடவிடாமல் அவருடைய இடத்திலேயே வையுங்கள்.

கிளம்பும் முன்: பெயர், உடை

குழுவினரின் பெயரை மாற்றலாம், தோற்றத்தையும் மாற்றலாம். சொந்தக்காரர் பெயரெல்லாம் வைப்பது ஜாலிதான், ஆனால் நெருக்கடியில் ‘மாமா எங்கே, சித்தப்பா எங்கே’ என்று தேடிக்கொண்டிருக்க நேரும். பெயரின் தொடக்கத்திலேயே அவர் செய்யும் வேலை தெரிகிற மாதிரி வையுங்கள். முடி, மீசை எல்லாம் ஒவ்வொருவருக்கும் வேறுவேறாக இருக்கட்டும். குறுகலான விமானத்துக்குள் இரண்டு பேர் ஒரே இடத்தில் நிற்கும்போது தவறான ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது இந்த ஆட்டத்தின் தீராத தொல்லை. முடிந்த வரை விமானத்துக்குள் இருக்கும் ஆளைத் தேடித் தொடாதீர்கள். திரையில் வரிசையாக இருக்கும் முகப்படத்தையோ விசைப்பலகைக் குறுக்குவழியையோ பழகிக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எரிச்சலில் கால்வாசி அங்கேயே போய்விடும்.

உடை வாங்கும்போது கவசம் தடிப்பாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கனமான உடை ஆளின் நடையை மெதுவாக்கும். ஓரிடத்தை விட்டு நகராதவர்களுக்குக் கவசமும் கதகதப்பும், ஓடி ஓடி வேலை பார்ப்பவர்களுக்கு லேசான உடையும் என்று பிரித்துக் கொடுங்கள். என் கணக்கில் ஓட வேண்டியவர்கள் இன்ஜினியரும் குண்டு போடுபவரும். குண்டு போடும் அந்த ஒரு நிமிடம் தவிர அவருக்கு வழியில் வேலை குறைவு. அவரைத்தான் விமானத்தின் தீயணைப்பு வீரராகவும் மருத்துவராகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

விமானத்துக்கும் பெயர் வைக்கலாம், வண்ணம் தீட்டலாம். இங்கே ஒரு செய்தி: பிரிட்டிஷ் விமானப்படையின் 35-ஆவது படைப்பிரிவுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் ஹாலிஃபாக்ஸ் என்ற குண்டுவீச்சு விமானங்களையும் 1944-இலிருந்து லங்காஸ்டர்களையும் ஓட்டியது. மற்ற விமானங்களுக்கு முன்னே போய் இலக்கைக் காட்டிக்கொடுத்த பாத்ஃபைண்டர் பிரிவுகளில் அதுவும் ஒன்று. அதன் விமானங்களின் பக்கவாட்டில் ‘டிஎல்’ என்ற இரண்டு எழுத்து இருக்கும். என் விமானத்துக்கு அந்த எழுத்துகளோடுதான் பெயர்.

விமானத்துக்குள் நடை

முகப்பில் கூப்பிட்டால் அடுப்படியில் இருப்பவர் வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லங்காஸ்டரும் அப்படித்தான். மூக்கிலிருந்து வால் வரை 21 மீட்டர். மூக்கில் குண்டு போடுபவர், அதற்கு மேலே பைலட்டும் இன்ஜினியரும், பின்னால் நேவிகேட்டர், அடுத்து ரேடியோ, நடுவில் முதுகுக் கன்னர், கடைக்கோடியில் வால் கன்னர். நிஜ விமானத்தில் இறக்கையைத் தாங்கும் பெரிய உலோக விட்டம் உடம்பின் குறுக்கே ஓடியது. தடித்த உடையோடு, இருட்டில், அதன் மேல் ஏறி இறங்கித்தான் முன்னும் பின்னும் போக வேண்டும். ஆகவே ஆள் மெதுவாகப் போகிறாரே என்று விளையாட்டைத் திட்ட வேண்டாம். அது லங்காஸ்டர் கொடுக்கும் தண்டனை.

ஆனால் தோட்டா விஷயம் வேறு. ஆட்டத்தில் கன்னரின் தோட்டா தீர்ந்துவிட்டால் அவர் எழுந்து பெட்டி இருக்கும் இடம் வரை நடந்து, எடுத்துக்கொண்டு, திரும்பி வர வேண்டும். அதுவரை அந்தத் துப்பாக்கி காலி. நிஜ லங்காஸ்டரின் வால் துப்பாக்கிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. உடம்பின் நடுவில் இருந்த பெட்டிகளிலிருந்து தண்டவாளம் போன்ற பாதையில் தோட்டா மாலைகள் நேராக வாலுக்கே போயின. நான்கு துப்பாக்கிகளுக்கும் ஆயிரக்கணக்கில் தோட்டா. ஆக, இந்த நடை விளையாட்டு தானாக வைத்தது.

சமாளிக்கும் வழி: தோட்டா தீரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு தாக்குதல் ஓய்ந்ததும் முதல் வேலையாகக் கன்னர்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்பி நிரப்பிவிடுங்கள். இருவரையும் சேர்த்து அனுப்பாதீர்கள். எழுப்பி அனுப்பிய எந்த ஆளையும் அவருடைய இருக்கைக்குத் திருப்பி அனுப்புவதும் உங்கள் பொறுப்புதான். வேலை முடிந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும் நேவிகேட்டரால் வழி தெரியாமல் போன பறப்புகள் உண்டு. நான் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் முகப்படங்களை இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்துவிடுவேன். யார் இருக்கையில் இல்லையோ அவரை அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை.

காசை எதில் போடுவது

புதியவர்கள் கையில் பணம் வந்ததும் பெரிய துப்பாக்கி வாங்குகிறார்கள். வேண்டாம். கடையில் ஒவ்வொரு பொருளையும் பார்க்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: இதை வாங்கினால் நான் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று குறையுமா?

தோட்டாவைத் தானாக ஊட்டும் அமைப்புள்ள துப்பாக்கி கிடைத்தவுடன் அதை வாங்குங்கள், அதுவும் முதலில் வாலுக்கு. சுடும் வலிமை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த நடை ஒழிந்தாலே பாதி யுத்தம் ஜெயித்த மாதிரி. அடுத்தது ரேடாரை நல்லதாக்குவது, எதிரி வரும் திசை முன்கூட்டியே தெரிந்தால் டேக் செய்யும் வேலை பாதியாகும். அதற்கடுத்து கதகதப்பான உடையும் நல்ல ஆக்சிஜன் அமைப்பும். ஒருவர் விறைத்து விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் எழ வேண்டும், இரண்டு இருக்கை காலி. தகடு, கவசம், பெரிய துப்பாக்கி எல்லாம் இவற்றுக்குப் பிறகு. எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள், கண்டதையெல்லாம் ஏற்றிவிட முடியாது.

தொடக்கத்தில் ஆபத்து குறைவு என்று போட்டிருக்கும் மிஷன்களையே எடுத்து ஆடுங்கள். முக்கியக் கட்ட மிஷன் எப்போதும் காத்திருக்கும், ஓடிவிடாது. இடையில் கிடைக்கும் சிறிய மிஷன்களில் பணமும் வருகிறது, ஆட்களின் லெவலும் ஏறுகிறது. சலிப்பாக இருக்கும்தான். கதையை முன்னே கொண்டுபோகும் மிஷன்களை மட்டும் அடுத்தடுத்து ஆடிப் போனால் கைக்கு எட்டாத கடினம் வந்து நிற்கும் என்பதை இந்த விளையாட்டு எங்கேயும் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

உயரம்

மேலே போனால் ஆக்சிஜன் வேண்டும், குளிரும். கீழே வந்தால் குண்டு இலக்கில் நன்றாக விழும், ஆனால் தரையிலிருந்து வரும் அடியும் அதிகம். நடு உயரத்தில் போய், இலக்குக்கு அருகில் மட்டும் இறங்கி, குண்டைப் போட்டுவிட்டு ஏறுவது புதியவர்களுக்குப் போதும். ஆக்சிஜன் அமைப்பு அடிபட்டால் யோசிக்காமல் உடனே கீழே இறங்குங்கள். பழுதுபார்ப்பதை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடி விழுந்த பிறகு எதை முதலில்

எல்லா விளக்கும் சிவப்பாக மின்னும்போது கை நடுங்கும். அதனால் வரிசையை முன்கூட்டியே மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது.

முதலில் உடம்புக்குள் எரியும் தீ. அது பரவும், பக்கத்தில் இருப்பவரைச் சுடும். அணைப்பானை எடுத்துக்கொண்டு குண்டு போடுபவர் போகட்டும்.

இரண்டாவது, விழுந்து கிடக்கும் ஆள். அவருக்கு ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் முதலுதவிப் பெட்டியோடு ஒருவர் போய்ச் சேர வேண்டும். பெட்டிகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றைச் சின்னக் காயத்துக்குச் செலவழித்துவிடாதீர்கள். விழுந்தவர் பைலட் என்றால் மட்டும் வரிசை மாறும். யாரையாவது உடனே அந்த இருக்கையில் உட்கார வையுங்கள். அவருக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் காலி இருக்கையை விட மேல்.

மூன்றாவது ஹைட்ராலிக்ஸ், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பு. இதை நிறையப் பேர் அலட்சியம் செய்கிறார்கள். துப்பாக்கிக் கூண்டு திரும்புவது, குண்டறைக் கதவு திறப்பது, சக்கரம் இறங்குவது எல்லாம் இதை நம்பித்தான். இலக்குக்கு மேலே போய்க் கதவு திறக்காமல் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். மின்சாரம் அடுத்து. இவற்றுக்கு இன்ஜினியர் போவதே நல்லது, மற்றவர்களை விடச் சீக்கிரம் முடிப்பார்.

இது எல்லாம் நடக்கும்போது இன்னும் எதிரிகள் சுற்றிக்கொண்டிருந்தால் கன்னர்களைத் தொடாதீர்கள். துப்பாக்கியை விட்டு ஒருவர் எழுந்தால் புதிதாக இரண்டு ஓட்டை விழும். பைலட்டின் கார்க்ஸ்க்ரூ திறனை இப்போது பயன்படுத்துங்கள். விமானத்தைத் திருகாணி போலச் சுழற்றி இறக்கி ஏற்றும் வித்தை அது. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானிகள் உண்மையிலேயே இரவில் எதிரியை உதற இதைத்தான் செய்தார்கள். கன்னர் கத்த, பைலட் அந்த நொடியே விமானத்தைச் சாய்ப்பார்.

இறக்கை மேல் ஏறுவது

இன்ஜின் பழுதானால் ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தின் இறக்கை மேல் ஒருவரை அனுப்பிச் சரிசெய்யச் சொல்லலாம். இதைப் பார்த்து ‘சும்மா பீலா விடுறாங்க’ என்று சிரிப்பவர்கள் உண்டு. 1944 ஏப்ரல் 26 இரவு ஷ்வைன்ஃபுர்ட் நகரத் தாக்குதலிலிருந்து திரும்பும்போது, 106-ஆவது படைப்பிரிவின் லங்காஸ்டர் ஒன்றில் இறக்கைப் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் தீப்பிடித்தது. அதன் இன்ஜினியர் சார்ஜன்ட் நார்மன் ஜாக்சன் தீயணைப்பானை உயிர்காப்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பைலட் தலைக்கு மேலிருந்த வாசல் வழியாக வெளியே ஏறினார். ஏறும்போதே அவருடைய பாராசூட் விரிந்து விமானத்துக்குள் விழுந்துவிட, உள்ளே இருந்தவர்கள் அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டார்கள். தீயில் கருகிப் பிடி விட்டுப்போக, இறக்கையிலிருந்து அடித்துச் செல்லப்பட்டார். எரிந்த பாராசூட்டோடு விழுந்தும் பிழைத்தார், சிறைபிடிக்கப்பட்டார். பின்னாளில் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். அவரை அனுப்பிய அந்தக் கணத்தின் கனம் இந்த விளையாட்டில் இருக்கிறது. அதனால்தான் இதில் ஆளை இழந்தால் மனம் நோகிறது.

ஆகவே இறக்கைக்கு ஆளை அனுப்புவதைக் கடைசி வழியாக வையுங்கள். லங்காஸ்டர் மூன்று இன்ஜினில் நன்றாகவே பறக்கும். எதிரி இல்லாத நேரத்தில் மட்டும் அனுப்புங்கள். ஆள் வெளியே இருக்கும்போது கார்க்ஸ்க்ரூவோ உயர மாற்றமோ வேண்டாம். அவர் உள்ளே வந்து சேரும் வரை வேறு எதையும் பார்க்காதீர்கள்.

குண்டு போட்டுவிட்டுத் திரும்புவது

இலக்கை டேக் செய்து, கதவைத் திறந்து, குறிக்குள் இலக்கு வரும்போது போட வேண்டும், அவ்வளவுதான். சற்றுத் தள்ளி விழுந்துவிட்டால் பதற்றப்படாமல் சுற்றி வந்து இன்னொரு முறை போகலாம். கதவை மூட மறக்காதீர்கள். படம் எடுக்கும் மிஷன் என்றால் அதையும் குண்டு போடுபவரே எடுப்பார், ஆகவே இலக்கை நெருங்கும் முன்பே அவரைத் தீயணைக்கும் வேலையிலிருந்து திருப்பி அழைத்துவிடுங்கள்.

ஆட்டத்தில் இலக்கெல்லாம் ஆலை, அணை, ஏவுதளம் என்றுதான் வரும். உண்மையில் 1943 ஜூலையில் ஹாம்பர்க், 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் என்று ஊர் ஊராக எரிந்தன. குண்டு விழும் இடத்தில் இருப்பது என்னவென்று நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் தெரியும். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்ட பிறகுதான் பர்மாவிலிருந்து நம்மவர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். வீட்டில் பர்மாத் தேக்குத் தூண் இருக்கிற பிள்ளைகள் இந்த ஆட்டத்தை ஆடும்போது அந்தக் கதையையும் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்தில் கிடக்கும் பழைய ஓடுதளமும் அந்தப் போர்க்காலத்தில் போட்டதுதான்.

திரும்பும் வழியில்தான் நிறைய விமானங்கள் விழுகின்றன. வேலை முடிந்தது என்று கை தளர்ந்துவிடுகிறது. கடலைத் தாண்டும் வரை பார்வையைச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஓடுதளத்தை டேக் செய்யும் முன் பைலட் இருக்கையில் இருக்கிறாரா, சக்கரம் இறங்கியதா என்று பாருங்கள். சக்கரம் இறங்காவிட்டால் ஹைட்ராலிக்ஸைச் சரிசெய்யும் வரை ஒரு சுற்று சுற்றலாம். பெட்ரோல் இருந்தால் அவசரமே இல்லை.

எப்போது குதிக்கச் சொல்வது

விமானம் தேறாது என்று தெரிந்தால் குதிக்கச் சொல்லிவிடுங்கள். விமானத்துக்குப் பதில் விமானம் கிடைக்கும். லெவல் ஏறிய ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். புதியவர்கள் கடைசி வரை காப்பாற்றப் பார்த்து இரண்டையும் இழக்கிறார்கள். இரண்டு இன்ஜின் போய், பைலட்டும் விழுந்து, உயரமும் குறைகிறது என்றால் அதுதான் நேரம். நிலத்துக்கு மேலே இருக்கும்போதே சொல்லுங்கள். வாலிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒவ்வொருவராக வாசலுக்கு நடக்க நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இந்த நடைதான் நிஜத்திலும் கொன்றது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுப் படையின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்த இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானங்களிலிருந்து பாதிப் பேர் தப்பினார்கள், ஹாலிஃபாக்ஸிலிருந்து கால்வாசி, லங்காஸ்டரிலிருந்து 15 விழுக்காடுதான். காரணம் வெளியேறும் வாசல் ஹாலிஃபாக்ஸின் வாசலை விட இரண்டு அங்குலம் குறுகல். அதை அகலப்படுத்தச் சொல்லிக் கேட்டும் போர் முடியும் வரை காரியம் நடக்கவில்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். 30 பறப்பு முடித்தால் ஒரு சுற்று, அதை முழுசாக முடித்து வீடு போனவர்கள் பாக்கியசாலிகள். ஒரு பறப்பில் ஏழு பேரையும் இழந்துவிட்டு ஆட்டம் அநியாயம் என்று தோன்றும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கொடுமையை விளையாட்டு தானாகச் சேர்க்கவில்லை.

குதித்தவர்கள் பிழைத்து வரும் வாய்ப்பைக் கூட்டும் பொருள்களும் கடையில் உண்டு. ரப்பர் படகு, தூதுப் புறா மாதிரி. புறா விளையாட்டுக்காக வைத்தது இல்லை. 1942 பிப்ரவரியில் வட கடலில் விழுந்த விமானமொன்றின் ஆட்களை ‘விங்கி’ என்ற புறா பறந்து வந்து காப்பாற்றியது. விலங்குகளுக்கான டிக்கின் பதக்கத்தை அதற்குக் கொடுத்தார்கள். கடலுக்கு மேல் அதிகம் பறக்கும் மிஷன்களுக்கு முன் இந்தப் பொருள்களை மறக்காமல் பாருங்கள், விலையும் அதிகமில்லை.

மொத்தமும் போய்விட்டால்

ஆட்டம் முடிந்துவிடாது. புது விமானமும் புது ஆட்களும் வருவார்கள். அப்போது செய்யக்கூடாத ஒன்று, தோற்ற அதே மிஷனை உடனே மறுபடி எடுப்பது. கோபத்தில் எடுத்தால் புது ஆட்களும் போவார்கள். ஆபத்து குறைந்த மிஷன்களுக்கு இறங்கிப் போய், ரேடியோ ஆப்பரேட்டருக்குத் தானாக டேக் செய்யும் திறன் வரும் வரை ஆடுங்கள். வால் துப்பாக்கிக்குத் தோட்டா ஊட்டும் அமைப்பை வாங்குங்கள். இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு திரும்பிப் போங்கள்.

பெயர் பெற்ற எதிரி விமானிகள் அவ்வப்போது தனியாக வந்து மிரட்டுவார்கள். அவர்களை வீழ்த்தினால் பரிசு உண்டு. தொடக்கத்தில் அந்தப் பரிசுக்கு ஆசைப்படாதீர்கள். வந்தால் டேக் செய்து சுடுங்கள், ஆனால் வழியை மாற்றாமல் வீட்டைப் பார்த்தே பறந்துகொண்டிருங்கள்.

மாதப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் மேசைக் கம்ப்யூட்டரில் மிஷன் தொடங்காதீர்கள். வீட்டில் யாராவது கூப்பிட்டால் ஆட்டத்தை இடைநிறுத்திவிட்டு எழுந்திருங்கள், ஓடவிட்டு எழுந்திருக்க வேண்டாம்.

2018-இல் வந்த அமெரிக்க விமானப்படைக் கூடுதல் பகுதியில் பி-17 விமானம் வரும். அதில் துப்பாக்கிகளும் ஆட்களும் அதிகம், ஆகவே கை காட்ட வேண்டிய வேலையும் அதிகம். லங்காஸ்டரில் முகப்படங்களைப் பார்க்கும் பழக்கமும் டேக் செய்யும் கையும் படிந்த பிறகு அதை வாங்கினால் போதும்.